கண்ணீரில் இல்லை, வயிற்றில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் மாணவர் பக்கத்தில் 'லைசோசைம் எங்கே சுரக்கிறது?' என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்குக் 'கண்ணீர், உமிழ்நீர்' என்று விடை போட்டிருந்தீர்கள். பாக்டீரியாவின் செல்சுவரை உடைக்கும் நொதிதான் லைசோசைம். அந்த விடை மனிதருக்குச் சரி. ஆனால் எங்கள் காங்கேயம் பக்கத்துப் பிள்ளைகள் கட்டுத்தரையில் நிற்கும் மாட்டை நினைத்து எழுதினால் விடை தப்பிப்போகும். மாட்டின் கண்ணீரில் லைசோசைம் இல்லை என்றே சொல்லிவிடலாம், அவ்வளவு சொற்பம். இருப்பது வயிற்றில்.

காரணம் சுவாரசியமானது. கொறங்காடு என்னும் எங்கள் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப்புல்லை மேய்ந்துவிட்டு வந்து அசை போடும் மாடு, அந்தப் புல்லைத் தானாகச் செரிப்பதில்லை. முதல் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதைப் புளிக்கவைத்துச் சிதைக்கின்றன. அப்புறம் அந்தப் பாக்டீரியாக்களே கூழோடு கூழாக நான்காம் வயிற்றுக்குப் போய்ச் சேருகின்றன. அங்கே லைசோசைம் அவற்றின் செல்சுவரை உடைக்க, மாடு அவற்றையே செரித்துக்கொள்கிறது. புண்ணாக்கும் தவிடும் வைக்கும்போது நாம் முதலில் தீனி போடுவது மாட்டுக்கல்ல, அதன் வயிற்றுக்குள் இருப்பவற்றுக்கு! நமக்குக் கிருமியைத் தடுக்கும் நொதி, மாட்டுக்குச் சாப்பாட்டுக்கான நொதி.

நமக்கு வழக்கமான லைசோசைம் மரபணு ஒன்றுதான். மாட்டுக்கு ஏறத்தாழ 10. மூதாதையிடம் இருந்த ஒன்று திரும்பத் திரும்ப நகலாகி, நகல்கள் தனித்தனியே மாறி, சில வயிற்றிலும் வேறு சில சிறுநீரகம், மூச்சுக்குழல் போன்ற இடங்களிலும் வேலை பார்க்கின்றன. வயிற்றில் சுரப்பது அமிலத்தில் நன்றாக இயங்கும், வயிற்றில் புரதத்தைச் செரிக்கும் பெப்சின் நொதிக்கும் எளிதில் மசியாது.

டாப்சிலிப் போனால் மரத்தில் பார்க்கிறோமே, இலை தின்னும் மந்தி, அந்தக் கூட்டத்துக்கும் வயிற்றில் இதே ஏற்பாடு. மாட்டுக்கும் மந்திக்கும் கிட்டத்து உறவில்லை. ஆனாலும் அனுமன் மந்தியின் லைசோசைமில் சில அமினோ அமிலங்கள் மாட்டினுடையதைப் போலவே மாறியிருப்பதை 1987-இல் கண்டுபிடித்தார்கள். பரம்பரையாக வந்ததல்ல, தனித்தனியே வந்து சேர்ந்த ஒற்றுமை.

இதே குடும்பத்தில் இன்னொரு கிளை பால்மடியில் இருக்கிறது. ஆல்பா லாக்டால்புமின் என்ற பால் புரதம், லைசோசைமின் மூதாதை மரபணுவிலிருந்து பிரிந்து வந்தது. செல்சுவரை உடைக்கும் வேலையை அது விட்டுவிட்டது. பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை உருவாக வேறொரு நொதிக்குத் துணை நிற்கிறது, அவ்வளவுதான். பால் கறக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பரிணாமப் பாடம் எங்கே கிடைக்கும்? உயிரியல் எடுத்த காலத்தில் நான் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். பரீட்சைக்கு வராது என்பது மட்டும்தான் அவர்களுடைய புகார்.

அடுத்த முறை அந்த வினாவைப் போடும்போது 'மனிதரில்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள். மாட்டுக்கான விடையைப் பக்கத்திலேயே ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
தாராபுரம்.