கரகரப்பு 720-இல் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் சென்னை வானொலிக்கு (ஏ.எம். டயலில் 720 கிலோஹெர்ட்ஸில் வரும் 'சென்னை ஏ') நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். படங்கள் நன்றாக இருந்தன. வால்வு ரேடியோவின் பின்பக்கத்தைக்கூட ரசித்து எடுத்திருந்தார் உங்கள் புகைப்படக்காரர். அந்த ரசனையில் கால்வாசி எழுத்தில் இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

"கரகரத்துக்கொண்டிருந்த ஏ.எம். ரேடியோவிடமிருந்து சென்னையை விடுவித்தது எஃப்.எம்.; அதற்கு முன் வானொலி என்றால் செய்தியும் கர்நாடக சங்கீதமும்தான்" என்று மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி. ஒரே வரியில் இத்தனை தவறுகளை அடுக்குவதற்கும் திறமை வேண்டும். கட்டுரையாளருக்கு என் பாராட்டு.

தாங்கள் அறியாததல்ல, இந்த ஊரில் ஒலிபரப்பை ஆரம்பித்தது அரசாங்கமே கிடையாது. 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அந்த ஆண்டு ஜூலை 31 முதல் 40 வாட் கருவியில் ஒலிபரப்பு நடந்தது. ஒரு குண்டு பல்புக்கு ஆகிற மின்சாரம்! பிறகு 200 வாட் ஆயிற்று. 1927-இல் பணமில்லாமல் கிளப் ஒலிபரப்பை நிறுத்தியது, கருவி மாநகராட்சி கைக்குப் போனது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே வானொலி நடத்தியது. மாலையில் இசை, பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியாகப் பாடமும் கதையும், வீட்டில் செட் இல்லாதவர்களுக்கு மெரினாவில் ஒலிபெருக்கி. எட்டு வருடம் நடந்த இந்த ஏற்பாட்டுக்கு உங்கள் நான்கு பக்கத்தில் ஒரு வரி இல்லை. மாநகராட்சி என்றால் சொத்து வரி நோட்டீஸ் மட்டும்தான் அனுப்பும் என்று நினைத்துவிட்டார் போலும்.

அகில இந்திய வானொலி சென்னையில் கால் வைத்தது 1938 ஜூன் 16 அன்று, எழும்பூர் மார்ஷல்ஸ் சாலை வீட்டில். அப்போது மத்திய அலைக்கு (செட்டில் 'ஏ.எம்.' என்று போட்டிருக்கிறதே, அதுதான்) கிடைத்தது 250 வாட். சிற்றலைக்கு 10 கிலோவாட். அதாவது மத்திய அலை ஊருக்கு, சிற்றலை மாகாணம் முழுவதற்கும். இந்தக் கணக்கு தெரியாமல் "ஆரம்பத்திலிருந்தே தமிழகம் முழுக்க 720-ஐக் கேட்டது" என்று எழுதினால் எப்படி? 720-இல் இன்றிருக்கும் 200 கிலோவாட் பின்னால் வந்தது. நிலையம் கடற்கரைச் சாலைக் கட்டடத்துக்குப் போனதும் 1954-இல்தான்.

அடுத்தது, "செய்தியும் கர்நாடக சங்கீதமும்தான்". இதில் பாதி உண்மை, அதற்கும் ஒரு காரணம் உண்டு. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு ஆகாது. வானொலியில் அது அநேகமாக நின்றுபோனது. நேயர்கள் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். அங்கே வர்த்தக ஒலிபரப்பு 1950-லேயே ஆரம்பித்துவிட்டது. போன கூட்டத்தைத் திரும்பப் பிடிக்க 1957 அக்டோபர் 3 அன்று அகில இந்திய வானொலியின் பொழுதுபோக்குச் சேவையான விவித பாரதி வந்தது. 1967-இல் பம்பாய்ப் பக்கம் விளம்பரத்தை அனுமதித்தார்கள், பிறகு நமக்கும் வந்தது. ஆக, இந்த நிலையம் தன் முகத்தை மாற்றிக்கொண்டது எஃப்.எம். வந்த பிறகு அல்ல. கிளப், மாநகராட்சி, அகில இந்திய வானொலி, விவித பாரதி, விளம்பரம் என்று அத்தனை மாற்றமும் ஏ.எம். காலத்திலேயே முடிந்த கதை.

வேளாண் ஒலிபரப்பைப் பற்றி மூச்சே இல்லை. திருச்சி நிலையம் ஏ.டி.டி. 27 நெல்லைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, தஞ்சை விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். எந்த எஃப்.எம். நிலையத்தின் பெயரில் நாற்று நட்டிருக்கிறார்கள்? தென்கச்சி கோ. சுவாமிநாதன் படத்தைப் பெரிதாகப் போட்டு, 'நகைச்சுவைப் பேச்சாளர்' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்கள். அவர் வேளாண்மை படித்தவர். 'இன்று ஒரு தகவ'லின் அந்த நிதானம் விவசாயிகளிடம் பேசிப் பழகிய நிதானம்.

அப்புறம் அந்த விடுதலை வீரர் எஃப்.எம். சென்னையில் பண்பலை ஒலிபரப்பு ஆரம்பித்த நாள் 1977 ஜூலை 23. ஆரம்பித்தது இதே நிலையம். உங்கள் கட்டுரையில் அது 2000-க்குப் பிறகு வானத்திலிருந்து குதிக்கிறது. 1977-இல் குறைவாக இருந்தது எஃப்.எம். வாங்கும் செட். மத்திய அலையும் சிற்றலையும் மட்டும் உள்ள டிரான்சிஸ்டர்களைத்தான் ஊர் வைத்திருந்தது.

இனி கரகரப்புக்கு வருகிறேன். என்னைச் சுட்டது அதுதான். ரேடியோ ரிப்பேர் மேசையில் உட்கார்ந்தே காலம் போனவன் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மத்திய அலையில் ஒவ்வொரு நிலையத்துக்கும் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. ஒலியில் சுமார் நாலரை கிலோஹெர்ட்ஸ் வரைதான் அதில் அடங்கும், எஃப்.எம்.மில் 15 வரை போகும். அதனால் ஜால்ராவின் கிணுகிணுப்பு குறையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குறைந்த ஒலி வேறு, கரகரப்பு வேறு. 200 கிலோவாட் நிலையம் இருக்கிற ஊருக்குள்ளேயே 720 கரகரத்தால் காரணம் பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. மலிவான எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், கேபிள் பாக்ஸின் அடாப்டர் எல்லாவற்றிலும் மின்சாரத்தை வினாடிக்குப் பல பத்தாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கும் சர்க்யூட் இருக்கிறது. அதன் முன்னால் ஒரு சிறிய வடிகட்டிச் சுருளும் கண்டென்சரும் இருக்கவேண்டும். விலையைக் குறைக்க முதலில் கழற்றுவது அவற்றைத்தான். அந்த இரைச்சல் வீட்டு ஒயர் முழுக்க ஏறி மத்திய அலை நெடுகக் கொட்டும்.

சோதிப்பது சுலபம். செட்டைப் பேட்டரிக் கட்டையில் போடுங்கள். 720-ஐ வைத்துக்கொண்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். கரகரப்பு போய்விட்டால் குற்றவாளி வீட்டில். பிறகு மெயினைப் போட்டு, ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டி வந்தால் எந்த பல்பு, எந்த சார்ஜர் என்று ஆளே அகப்படும். சார்ஜர் என்றால் அதன் ஒயரை ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான வளையத்தில் ஐந்தாறு சுற்றுச் சுற்றலாம். பல்பு என்றால் மாற்றுவதே வழி. மெயினை அணைத்தும் போகவில்லையென்றால் பக்கத்து வீடு, அல்லது தெருவிளக்கு.

செட்டைத் திருப்பவும் யாரும் சொல்லித்தருவதில்லை. எஃப்.எம்.முக்கு நீட்டுகிற குச்சி ஆன்டெனாவுக்கும் மத்திய அலைக்கும் சம்பந்தமே இல்லை. மத்திய அலையை வாங்குவது உள்ளே படுத்திருக்கும் ஃபெரைட் தண்டு. அதன் நீளவாக்கு நிலையத்துக்குக் குறுக்காக இருக்கவேண்டும். தண்டின் முனை நிலையத்தைப் பார்த்தால் ஒலி அமுங்கிவிடும். இதையே திருப்பிப்போட்டு, முனையை இரைச்சல் வரும் பக்கம் காட்டி இரைச்சலைக் கொல்லவும் செய்யலாம். தண்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. இப்போது கடையில் விற்கும் செட்டுகளில் இரண்டு அங்குலத் துண்டைப் போட்டுவிட்டு, பெட்டியில் 'ஏ.எம்./எஃப்.எம்.' என்று பெரிதாக அச்சடிக்கிறார்கள். போன வருடம் உங்கள் நுகர்வோர் பக்கத்தில் 'ரேடியோ வாங்குவது எப்படி' என்று எழுதினீர்களே, நிறம், எடை, புளூடூத் எல்லாம் இருந்தது. தண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்போதும் எழுதினேன். பிரசுரிக்கவில்லை.

பழைய செட்டுகளைக் கெடுத்தது வேறு கூட்டம். ஸ்டேஷன் இடம் மாறிவிட்டதென்று இரும்பு ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஐ.எஃப்.டி. என்ற சின்னச் சுருள்பெட்டிக்குள் இருக்கும் ஃபெரைட் கோரைத் திருகுவார்கள், கோர் விரிசல் விட்டுவிடும். 455 கிலோஹெர்ட்ஸில் நிற்கவேண்டிய அந்தச் சுருள்பெட்டி எங்கோ நிற்கும். பிறகு எந்த நிலையமும் தெளிவாக வராது. செய்யவேண்டியது இவ்வளவுதான்: முதலில் முள்ளின் எந்த இடத்தில் எந்த நிலையம் வரும் என்பதைத் தீர்மானிக்கும் ஆசிலேட்டரைச் சரிசெய்து முள்ளை டயலோடு ஒத்துப்போகவைக்க வேண்டும். 600 பக்கம் ஒரு நிலையத்தை வைத்துக்கொண்டு தண்டின் மேலுள்ள சுருளை நகர்த்தி ஒலி உச்சத்துக்கு வரச் செய்யவேண்டும், 1400 பக்கம் போய் டிரிம்மர் என்ற சிறு கண்டென்சரைத் திருகவேண்டும், ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும் என்பதால் இரண்டு மூன்று முறை மாறி மாறிப் பார்க்கவேண்டும், கடைசியில் சுருளை மெழுகு வைத்து ஒட்டவேண்டும். டியூன் செய்யும்போது மட்டும் கரகரத்தால் டியூன் குமிழோடு சுற்றும் கேங் கண்டென்சரின் தகடுகளில் தூசி. பிரஷ்ஷால் தட்டினால் போகும்.

"காரில் சென்னை ஏ வருகிறது, திருச்சி வரவேயில்லை" என்ற புலம்பலுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நம் பகுதி நிலையங்களின் அலைவரிசை எல்லாம் ஒன்பதால் வகுபடும்: சென்னை 720, கோவை 999, திருச்சி 936, திருநெல்வேலி 1197. அமெரிக்காவில் பத்துப் பத்தாக ஏறும். அந்த ஊர்க் கணக்கில் வைக்கப்பட்ட டிஜிட்டல் செட் 930-லிருந்து 940-க்குத் தாவும். 936 நடுவில் மாட்டிக்கொண்டு, வந்தாலும் சிதைந்துதான் வரும். 720 மட்டும் இரண்டு கணக்கிலும் அடங்குவதால் பிழைத்தது. மெனுவில் 9 என்று மாற்றினால் திருச்சி தானாக வரும். உங்கள் கட்டுரையாளர் இதைத்தான் "நிலையங்கள் மெல்ல மறைந்துவிட்டன" என்று உருகியிருக்கிறார்.

உண்மையிலேயே மறைகிற நிலையங்களும் உண்டு. பல ஊர்களில் பழைய மத்திய அலை ஒலிபரப்பிகளை நிறுத்திவருகிறார்கள், அது கட்டுரையில் இல்லை. 720-ஐ ஒட்டி டி.ஆர்.எம். டிஜிட்டல் ஒலிபரப்பும் போட்டார்கள். அதைப் பிடிக்கும் செட் சில கார்களில் இருக்கிறது. சைக்கிளில் போகிறவரிடம் இல்லை. சாதாரண செட்டில் அந்த இடத்தில் வெறும் சீறல்தான் கேட்கும், அதையும் யாராவது ஏ.எம். கரகரப்புக் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

எஃப்.எம். பார்வைக் கோட்டில் போகும் அலை. பூமி வளைந்த இடத்தோடு அதன் வேலை அநேகமாகத் தீர்ந்தது. மத்திய அலை தரையை ஒட்டிப் போகும். உப்புநீர் மண்ணைவிடப் பல நூறு மடங்கு நன்றாக மின்சாரம் கடத்துவதால், கடல்மேல் இன்னும் தூரம் போகும். கரை தெரியாத தூரத்தில் வலை விரித்திருப்பவருக்குப் புயல் எச்சரிக்கை எந்த அலையில் எட்டும் என்று தாங்களே சொல்லுங்கள். அவரிடம் போய் 'சென்னை விடுதலை பெற்றுவிட்டது' என்று சொல்லவும் ஆள் அனுப்புங்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 1977 என்ற ஆண்டையும் மாநகராட்சி வானொலியையும் அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தமாகப் போடுங்கள். முன்பு ராசிபலனுக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்த 'இன்றைய வானொலி' பத்தியை, இடமில்லை என்று எடுத்துவிட்டீர்கள். ராசிபலன் இரட்டிப்பாகியிருக்கிறது. பத்தியை முழுதாகத் திருப்பித் தராவிட்டாலும், வாரம் ஒரு நாள் நிலையங்களின் பெயரையும் கிலோஹெர்ட்ஸையும் மட்டுமாவது போடுங்கள். ஆறு வரி ஆகும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
சென்னை.