வரைபடத்தில் விழாத வேலி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? மாடி ஏறாமல் இருந்தாலே பாதி சரியாகிவிடும்.

"நிலத்துக்கு மார்க் போடுகிறாயாமே?" என்று கேலி செய்திருந்தாய். கிட்டத்தட்ட அதேதான். ஒரு நிலக்காட்சியின் இயல்பு, அதாவது அந்த இடத்தை மற்ற இடங்களிலிருந்து வேறுபடுத்திக் காட்டும் தன்மை, என்ன, அங்கே விவசாயம் நிலைத்து நிற்குமா என்று சொல்லும் குறிகாட்டிகளைத் தேர்ந்தெடுக்கிறோம். மண்ணின் கரிமச்சத்து, அரிப்பு, நிலத்தடி நீர்மட்டம் இதையெல்லாம் அளந்துவிடலாம். இயல்பை அளப்பதில்தான் உயிர் போகிறது.

முதலில் ஷானன் பன்மைக் குறியீட்டை நம்பினேன். நிலப்பயன்பாடு எத்தனை வகை, எவ்வளவு சமமாகப் பரவியிருக்கிறது என்று கணக்கிடுவது. பரந்த வயல்வெளிக்குள் ஒரு கிடங்கும் நாலைந்து மனைப்பிரிவுகளும் வந்ததும் மதிப்பெண் ஏறிவிட்டது! கெட்டுப்போனதற்குப் பரிசு.

வரைபடமும் கைகொடுக்காது. ஐரோப்பாவின் கொரீன் நிலப்போர்வை வரைபடத்தில் 25 ஹெக்டேருக்குக் குறைந்த திட்டோ, 100 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள எதுவுமோ தனியாக விழாது. எங்கள் வரைபடமும் அதே ரகம். போன வாரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்றேன். தாளில் ஒரே மஞ்சள், வெறும் வயல் என்று அர்த்தம். எதிரே குட்டை, உயிர்வேலி, வேலியில் வண்டி நுழையுமளவுக்கு ஓர் இடைவெளி. கூட வந்த பெரியவர், "இதை வெட்டினதிலிருந்து புழுதியெல்லாம் தொழுவத்துக்குள்ளதான்" என்றார். எங்கள் படிவத்தில் அதை எழுத ஒரு கட்டம்கூட இல்லை.

2000-இல் ஃபிளாரன்சில் கையெழுத்தான ஐரோப்பிய நிலக்காட்சி உடன்படிக்கை, மக்கள் உணர்கிறபடியான நிலப்பகுதியைத்தான் நிலக்காட்சி என்கிறது. ஆக, அந்தப் பெரியவரைக் கேட்காமல் விட முடியாது.

இங்கிலாந்தில் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. நாட்டை 159 இயல்புப் பகுதிகளாகப் பிரித்து, நடந்த மாற்றம் அந்தந்தப் பகுதியின் இயல்போடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள். மரம் நட்டால் எல்லா இடத்திலும் கூட்டல்தான் என்று எங்கள் குழுவில் ஒருவர் அடம்பிடிக்கிறார். திறந்தவெளிச் சதுப்பில் நட்டுப் பார்க்கட்டும், தரையில் கூடு கட்டும் பறவைகள் இடத்தைக் காலி செய்துவிடும்.

இப்போது எங்கள் தலைவலி அடிப்படை ஆண்டு. எதோடு ஒப்பிடுவது? படிக்கும் காலத்தில் நாம் இரண்டு பேரும் வேலி வேலியாக நடந்து எண்ணி எழுதிய நோட்டு உன் பரணில்தானே இருந்தது? கரையான் விட்டுவைத்திருந்தால் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பு. நீ ஏறாதே, பேரனை ஏற்று.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி