தமிழ்ச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, கோடைச் சுற்றுலா, தமிழ்ப் பள்ளி எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு அதிகம் விவாதித்தது கீவா வழியாக நாம் கொடுக்கும் கைமாற்றைப் பற்றித்தான்.

புது உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். கீவா 2005இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய, லாப நோக்கமற்ற அமைப்பு; நம்மைப் போன்றவர்கள் அதன் இணையப் பக்கத்தில் படத்தோடு வரும் எளியவர்களுக்குச் சிறு கடன் கொடுக்கலாம். அதன் முதல் கடன்கள் உகாண்டாவின் டொரோரோவில் ஏழு பேருக்குப் போயின. 25 டாலர் இருந்தால் போதும். நமக்கு வட்டி கிடையாது. அசல் தவணையாகத் திரும்ப வரும், அதையே அடுத்தவருக்குக் கொடுப்போம். கென்யாவில் கறவை மாடு வாங்குபவர், பிலிப்பைன்ஸில் பெட்டிக்கடைக்காரர் என்று நம் பணம் சுற்றுகிறது.

பொதுக்குழுவில் ஒருவர் கேட்டார்: "நாம் வட்டி வாங்கவில்லையே, கடன் வாங்கும் அம்மா மட்டும் ஏன் வட்டி கட்டுகிறார்?" நியாயமான கேள்வி. பெரும்பாலும் கடனைக் கொடுப்பது அந்தந்த ஊர் நுண்கடன் நிறுவனம், அதாவது ஏழைகளுக்குச் சிறு கடன் தரும் நிறுவனம். பல சமயம் கடன் வாங்குபவரின் படம் நம் கண்ணில் படுவதற்கு முன்பே கடன் கொடுத்தாகிவிடுகிறது; நம் பணம் அந்த நிறுவனத்துக்குத்தான் ஈடு செய்கிறது. ஆண்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. 200 டாலர் கடனை வசூலிக்கவும் 2,000 டாலர் கடனை வசூலிக்கவும் ஊழியர் ஒரே தூரம்தான் பைக் ஓட்ட வேண்டும், அதனால் செலவு கூடுகிறது என்பது அந்த நிறுவனங்களின் தரப்பு. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். ஒரே வீட்டுக்குப் பல நிறுவனங்கள் கடன் கொடுத்து, வசூல் நெருக்கடியில் தற்கொலைகள் வரை போய், 2010இல் ஆந்திர அரசு நுண்கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் கொண்டுவந்ததைப் பலரும் நினைவூட்டினார்கள். நிறுத்திவிடலாம் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அப்புறம் தேநீர் வந்தது, குரல்கள் தணிந்தன.

சரி, முடிவு இதுதான். இனி சிரித்த முகம் பார்த்துக் கடன் கொடுப்பதில்லை. கடன் வாங்குபவருக்கு ஆகும் சராசரிச் செலவு கீவா பக்கத்திலேயே இருக்கிறது, அதை முதலில் பார்ப்போம். அறுவடைக்குப் பிறகு கட்டும் விவசாயக் கடன்களுக்கு முன்னுரிமை. உள்ளூர் நாணயம் சரிந்தால் அந்த நஷ்டத்தில் ஒரு பங்கு நம் தலையிலும் விழலாம் என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

திரும்பி வந்த தொகையை எடுத்துக்கொள்ள விரும்புவோர் இன்றே பொருளாளரிடம் சொல்லிவிடவும். சொல்லாதவர்கள் பணம் மறுபடி கடனாகப் போய்விடும்.

இப்படிக்கு,
செயலாளர்