விடுதலை நாளுக்கு 90 நாள் முன்பே ஆவணப் பணியைத் தொடங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
சிறைவாசிகளுக்கான சட்ட உதவி, மறுவாழ்வுப் பணிகளில் உள்ள வழக்கறிஞர்கள் மற்றும் சமூகப் பணியாளர்கள்,
மதுரை.

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை,
எழும்பூர், சென்னை.

பொருள்: விடுதலையாகும் சிறைவாசிகளுக்கு ஆதார், செல்பேசி எண், வங்கிக் கணக்கு, மருந்து ஆகியவற்றைச் சிறை வாயிலைத் தாண்டும் முன்பே உறுதிசெய்ய ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கு வணக்கம்.

தண்டனைச் சிறைவாசியின் விடுதலை நாள் சிறை அலுவலகத்துக்கு முன்கூட்டியே தெரியும். தண்டனைக் குறைப்பு நாட்களைக் கழித்தால் தேதி கிடைத்துவிடுகிறது. அந்தத் தேதி நெருங்கும்போது வாரண்ட் சரிபார்க்கப்படுகிறது. அபராதம் கட்டியாயிற்றா, வேறு வழக்கில் நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தக் கோரும் பி.டி. வாரண்ட் நிலுவையில் உள்ளதா என்று பார்க்கப்படுகிறது, உடைமைகள் ஒப்படைக்கப்படுகின்றன. வெளியே போகிறவர் மறுநாள் எந்த எண்ணிலிருந்து பேசுவார், எந்தக் கணக்கில் கூலி வாங்குவார், காலை மாத்திரைக்கு எங்கே போவார் என்பது பெரும்பாலும் யாருடைய வேலையாகவும் இருப்பதில்லை. ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகளில் 108-ஆவது விதி, விடுதலையாகிறவருக்கு உரிய அடையாள ஆவணங்களும் ஊர் போய்ச் சேரும் வழியும் இருக்க வேண்டும் என்கிறது. அதற்காக ஒவ்வொருவருக்கும் ‘விடுதலைக் கோப்பு’ ஒன்றை 90 நாள் முன்பே தொடங்கி, நடைமுறையில் எப்படிச் செய்யலாம் என்பதே இம்மனு.

சிக்கல் செல்பேசி எண்ணில் தொடங்குகிறது. ப்ரீபெய்டு சிம் 90 நாள் பயன்பாடின்றிக் கிடந்தால் நிறுவனம் அதை முடக்கிவிடலாம். பின்னர் அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும். மூன்று ஆண்டு உள்ளே இருந்தவரின் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பதிவான எண்ணை இப்போது முன்பின் தெரியாத ஒருவர் வைத்திருப்பார். ஓ.டி.பி. அவருக்குப் போகும். புது சிம் கேட்டால் ஆதார் வேண்டும். அட்டையோ கைதின்போது காவல் நிலையத்தில் நின்றிருக்கும், இல்லையென்றால் குடும்பம் வாடகை வீட்டைக் காலிசெய்த அவசரத்தில் தொலைந்திருக்கும். தொலைந்த ஆதாரை இணையத்தில் எடுக்க ஓ.டி.பி. வேண்டும். வெளியே வந்தவர் இந்த வட்டத்தைச் சுற்றியே முதல் சில வாரங்களைக் கழிக்கிறார். கையிருப்பு அதற்குள் தீர்ந்துவிடுகிறது.

ஆதார் பதிவுக் கருவியைச் சிறைக்குள் கொண்டுவந்தால் இந்த வட்டம் ஒரே நாளில் அறுபடும். செல்பேசி எண்ணை மாற்ற வேறு ஆவணம் தேவையில்லை, ரேகை போதும். ஆதாரே இல்லாதவர்களுக்கும், சிறைகளின் கணினிப் பதிவேடான இ-பிரிசன்ஸில் உருவாகும் சிறைவாசி சேர்க்கை ஆவணத்தைச் சான்றாக ஏற்க ஆதார் ஆணையம் வழிசெய்துள்ளது. முகாம் நடத்துவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். தறியிலும் தோல் பட்டறையிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். கருவிழி ஸ்கேனர் இல்லாத கருவியோடு வந்தால் பலரைத் திருப்பி அனுப்ப வேண்டிவரும். அடுத்தது முகவரி. சேர்க்கை ஆவணத்தில் உள்ளதை அப்படியே ஏற்றி, ‘மத்திய சிறை’ என்று ஆதாரில் அச்சாகிவிட்டால் அந்த அட்டையைக் காட்டி வாடகைக்கு வீடு கிடைக்காது. வீட்டு முகவரியே பதிவாக வேண்டும்.

சிம்மை மட்டும் 90 நாள் முன்பே வாங்கக் கூடாது. பயன்படுத்தாமல் வைத்தால் அதே 90 நாள் கணக்கு இதற்கும் ஓடும். விடுதலைக்கு 30 நாள் இருக்கையில் சிறைவாசியின் பெயரிலேயே சிம் வாங்கி, நல அலுவலரின் பொறுப்பில் இயக்கிப் பார்த்து, ஆதாரில் இணைத்தபின் உறையிலிட்டு உடைமைப் பதிவேட்டில் ஏற்றி வைக்கலாம். சிறைக்குள் சிம் என்பது தடைசெய்யப்பட்ட பொருள்; தங்கள் எழுத்துமூல ஆணை இல்லாமல் எந்தக் கண்காணிப்பாளரும் இதற்குத் துணியமாட்டார். குடும்பத்தாரின் எண்ணை இணைத்தால் போதாதா என்று கேட்கலாம். குடும்பத்தோடு பிணக்கு உள்ளவருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கும், அது தங்கள் பணத்தின் சாவியை இன்னொருவரிடம் கொடுப்பதாகிவிடும்.

வங்கிக் கணக்கில் இரண்டு ஆண்டுக்கு மேல் வரவு செலவு இல்லையென்றால் அது செயலற்ற கணக்காகும். அதை உயிர்ப்பிக்க வங்கி கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2024 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கி விதி. கிளைகளில் பலருக்கு இது தெரிவதில்லை, கேட்கிறவருக்கும் தெரிவதில்லை. 60 நாள் இருக்கையில் வங்கி அலுவலரை வரவழைத்து கே.ஒய்.சி. முடித்துவிட்டால், சிறையில் ஈட்டிய ஊதியத்தில் பிடித்தம் போக எஞ்சியதை நேராகக் கணக்கில் வைக்கலாம். காசோலையாகக் கையில் கொடுப்பது உதவாது: காசோலையின் ஆயுள் மூன்று மாதம், கணக்கு இல்லாதவருக்கு அது வெறும் தாள்.

பெயரும் தடுக்கும். நீதிமன்றப் பதிவில் ‘இன்னார் என்கிற இன்னார்’ என்றிருக்கும். தந்தை பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். ஆதாரில் முதலெழுத்து பின்னால் நிற்கும். விடுதலைச் சான்றைக் காட்டினால் ‘இது நீங்கள்தானா?’ என்ற கேள்வி வரும். சான்றில் ஆதாரில் உள்ளபடி பெயரையும், அடுத்த வரியில் வாரண்டில் உள்ள பெயரையும் அச்சிட்டால் கேள்விக்கே இடமில்லை.

மருந்தில் ஏற்படும் இடைவெளிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. காசநோய்ச் சிகிச்சை பொதுவாக ஆறு மாதம். நான்காம் மாதத்தில் வெளியே போகிறவர் இரண்டு வாரம் மாத்திரை விட்டால் மருந்துக்கு அடங்காத காசநோயாக மாறும் அபாயம் உண்டு. 30 நாள் மருந்து, அரசின் காசநோய் இணையப் பதிவேடான நிக்‌ஷயில் உள்ள எண், ஊருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயர் ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். நிக்‌ஷயில் இடமாற்றப் பதிவைச் சிறை மருத்துவமனையே செய்ய வேண்டும். ‘அங்கே போய்ச் சொல்லுங்கள்’ என்று விட்டால் அவர் போய்த் தன் சிறைக் கதையிலிருந்து தொடங்க வேண்டும், பலர் போகவே மாட்டார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி வங்கிக் கணக்குக்குத்தான் வரும் என்பதால், கணக்கு வேலை முடியாவிட்டால் இதுவும் நிற்கும். மனநல மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவதும் அப்படியே கெடுதி. சீட்டில் மருந்தின் பெயரும் அளவும் தெளிவாக இல்லையென்றால் மாவட்ட மருத்துவமனையில் முதலிலிருந்து தொடங்குவார்கள். ஹெராயின் போன்ற போதைப் பழக்கம் இருந்தவருக்கு ஓர் எச்சரிக்கை கட்டாயம். உள்ளே இருந்த மாதங்களில் உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும். பழைய அளவே இப்போது உயிரைப் பறிக்கும். இதை மருத்துவர் நேரில் சொல்ல வேண்டும், துண்டுச் சீட்டு போதாது.

இதுவரை எழுதியது தேதி தெரிந்தவர்களுக்கு. நாட்டின் சிறைவாசிகளில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள்; அவர்கள் எந்த மாலையிலும் பிணையில் வெளியேறலாம். அவர்களுக்குக் கோப்பைச் சேர்க்கையான முதல் 10 நாளிலேயே திறக்க வேண்டும். பிணை கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் 7 நாள் கடந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குக் கண்காணிப்பாளர் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் ஆணையிட்டது. அந்த ஆண்டே ஏழைச் சிறைவாசிகளுக்குப் பிணைத்தொகையாக 40,000 ரூபாய் வரையும் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரையும் உதவும் திட்டத்தை ஒன்றிய உள்துறை அறிவித்தது. இரண்டுக்கும் தேவையான வருமான விவரமும் குடும்ப விவரமும் கோப்பில் ஏற்கெனவே இருந்தால் ஒரே நாளில் அனுப்பிவிடலாம். பிணை நிபந்தனையை எளிய தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பதும் பெரிய உதவி. தினமும் காலை 10.30-க்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து என்றால் எட்டு மணி ஷிப்டுக்கு யாரும் வேலை தரமாட்டார்கள். நிபந்தனையைத் தளர்த்த மனு போடலாம் என்பதே பலருக்குத் தெரியாது. வேலைக்காக ஒரு நாள் தவறவிட்டு, பிணை ரத்தாகி மீண்டும் உள்ளே வருகிறார்கள்.

ஆயுள் சிறைவாசிகளின் முன்விடுதலை இன்னொரு வகை. அண்ணா பிறந்தநாளையொட்டி 2021-இல் 700 பேர் என்று அறிவித்ததைப் போன்ற சமயங்களில் ஆணை வந்தால் உடனே வெளியேற வேண்டும், 90 நாள் கிடைக்காது. பெயர் பரிசீலனைப் பட்டியலில் ஏறும் நாளிலேயே கோப்பு தொடங்கட்டும். 1982-ஆம் ஆண்டுத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி அவர்கள் செல்லும் சாதாரண விடுப்பையும் ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல் வேலைகளுக்குப் பயன்படுத்தலாம். சிறையில் இருப்பவர் வாக்களிக்க முடியாதே தவிர, அதற்காகப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கச் சட்டத்தில் இடமில்லை.

தொழிற்பயிற்சிச் சான்றில் சிறையின் பெயர் இருந்தால் அதை யாரும் வெளியே எடுத்துக் காட்டுவதில்லை. பயிற்சி அளிக்கும் அரசு நிறுவனத்தின் பெயரும் முத்திரையும் மட்டுமே இருக்க வேண்டும். கோப்பின் அட்டைக்கும் இதுவே பொருந்தும்.

பெண்கள் இரவில் வெளியேறுவதைத் தனியாகப் பார்க்க வேண்டும். அழைத்துச் செல்ல ஆள் வராத நிலையில் பிணை ஆணை மாலை ஆறுக்கு மேல் வந்தால், அவரைச் சட்டப்படி நிறுத்திவைக்க முடியாது, வைக்கவும் கூடாது. 181 உதவி எண் வழியாக ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு அழைத்துச் செல்லும் ஏற்பாட்டை அவர் விரும்பினால் மட்டும் செய்துதரலாம்.

ஆகவே, நல அலுவலரும் நன்னடத்தை அலுவலரும் கூட்டாகக் கையெழுத்திடும் விடுதலைக் கோப்பை அனைத்து மத்திய சிறைகளிலும் கட்டாயமாக்கி ஆணையிடக் கோருகிறோம். ஒரேயடியாக முடியாதெனில் மதுரை, பாளையங்கோட்டை மத்திய சிறைகளில் ஆறு மாதம் நடத்திப் பார்க்கலாம். எத்தனை கோப்பு கொடுத்தோம் என்ற கணக்கு பயன்படாது. விடுதலையான 30-ஆம் நாள் நன்னடத்தை அலுவலர் தொலைபேசியில் மூன்று கேள்வி கேட்டுப் பதியட்டும்: எண் இயங்குகிறதா, கணக்கில் பணம் எடுக்க முடிந்ததா, மருந்து தொடர்கிறதா. அழைப்பை எடுக்காதவர்களின் எண்ணிக்கையையும் மறைக்காமல் பதிய வேண்டும்.

முகாமுக்கு நாள் குறித்தால் படிவம் நிரப்பவும் மொழி தெரியாத வெளிமாநிலத்தவருக்கு உதவவும் எங்கள் தரப்பில் ஆட்கள் வரத் தயார். உள்ளே வர அனுமதிக்கப்படுவோரின் எண்ணிக்கையையும், யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பதையும் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்

இடம்: மதுரை

நகல்: கூடுதல் தலைமைச் செயலாளர், உள்துறை, தலைமைச் செயலகம், சென்னை, உறுப்பினர் செயலர், தமிழ்நாடு மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, சென்னை.