ஆட்டுக்குட்டியோடு வந்த அக்காவுக்கு

எங்கள் தெருக்காரர்களுக்கும், வளவுக்குள் வந்து விசாரித்த எல்லோருக்கும் வணக்கம்.

கழுத்தடியில் தின்ற தீனி தங்குகிற இரைப்பை அடைத்துக்கொண்டு சாகக்கிடந்த என் கோழி செவலை பிழைத்துவிட்டது. இன்று காலை கொல்லையில் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தவள், பக்கத்தில் வந்த சேவலை ஒரு கொத்து கொத்தினாள். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத எனக்குத் தைரியமே வந்தது. என்ன நடந்தது என்று மறுபடி சொல்லப்போவதில்லை, நீங்கள் எல்லோரும் கூடவே இருந்தவர்கள். "ஒரு கோழிக்கா இவ்வளவு?" என்று கேட்டவர்கள்கூட ராத்திரி வந்து "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் படுக்கப் போனார்கள்.

இந்த மடல் முக்கியமாக ஒருவருக்கு. அவர் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. பச்சைச் சேலை, கையில் ஒரு கறுப்பு ஆட்டுக்குட்டி. கால்நடை மருத்துவமனைத் திண்ணையில் வெகுநேரமாக உட்கார்ந்திருந்தார். அடுத்து உள்ளே போக வேண்டியவர் அவர்தான். நான் கூடையோடு கடைசியில் நின்றேன். செவலை வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து வந்து கூடைக்குள் கைவிட்டு அதன் கழுத்தடியைத் தொட்டார். இறுகப் பிசைந்த மாவு உருண்டை மாதிரி இருந்தது அந்த இரைப்பை.

"நீ முன்னாடி போத்தா. எங்குட்டிக்குக் கால்ல முள்ளுதான், அது நிக்கும். ஒங்கோழி நிக்காது."

அதோடு விட்டிருந்தாலே போதும். குட்டியை இன்னொருவர் மடியில் போட்டுவிட்டு என்னோடு உள்ளேயும் வந்தார். டாக்டர் கழுத்தடி இறகைப் பிய்த்து, மரத்துப்போக ஊசி போடும்போது எனக்குக் கை நடுங்கியது. இந்த அக்கா செவலையின் இரண்டு காலையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்து, முந்தானையை எடுத்து அதன் தலைமேல் போட்டார். "கண்ணு மறைஞ்சா ராத்திரின்னு நெனச்சுக்கும். அடங்கிரும்." அப்படியே அடங்கிவிட்டது. படபடவென்று அடித்துக்கொண்டிருந்த இறக்கை தொங்கிப்போய், மூச்சு மட்டும் முந்தானைக்கடியில் ஏறி இறங்கியது. டாக்டர் தோலைக் கீறி, அப்புறம் இரைப்பையைத் திறந்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். நீளநீளமாகக் கோரைப்புல், அதோடு முறுக்கிக்கொண்டு தீவனச் சாக்குப் பிரித்த நூல். கழுவிவிட்டு, முதலில் இரைப்பைக்குத் தையல், பிறகு தோலுக்குத் தனியாக. அத்தனை நேரமும் அந்த முந்தானை நகரவே இல்லை. ஓரத்தில் ரத்தக்கறை பட்டதைக் காட்டினேன். "துவைச்சாப் போகுது" என்றார்.

போகும்போது ஒன்று சொன்னார். "விடியக்காலம் கூட்டைத் திறக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் கழுத்தடியில தொட்டுப் பாரு. ராத்திரித் தின்னது எறங்கிக் காலியா இருக்கணும். இல்லேன்னா அன்னைக்கே பாத்துரு." டாக்டரும் இதைத்தான் விரித்துச் சொன்னார். சாயங்காலம் நிறைந்திருப்பது இயல்பு, காலையில் நிறைந்திருந்தால் கோளாறு. கல்லாக இருந்தால் அடைப்பு. தளதளவென்று இருந்து வாயில் புளித்த வாடை வந்தால் உள்ளே பூஞ்சை பெருகியிருக்கிறது, அதற்கு மருந்து வேறு. வெள்ளைக் கழிச்சல் கண்ட கோழிக்கும் இரைப்பை இறங்காமல் நிற்கலாம் என்பதால், தடுப்பூசி போட்டாயிற்றா என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கூடையைப் பார்த்து முகம் சுளிக்காமல் முன்சீட்டைக் காட்டிய கண்டக்டர், நனைத்த தீவனமும் மசித்த முட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட முறைவைத்துக்கொண்ட எதிர்வீட்டுப் பிள்ளைகள், கட்டணம் எவ்வளவு என்று நான் கேட்டபோது வேண்டாமென்று கையை ஆட்டிவிட்ட உதவியாளர், எல்லோருக்கும் நன்றி. கோழியைத் தலைகீழாகப் பிடித்து உதறு என்று நாலு பேர் சொன்னபோது, "தண்ணி மூச்சுக்குழாய்க்குள்ள போனா அங்கேயே முடிஞ்சிரும்" என்று குறுக்கே நின்ற மேலவீட்டு ஆச்சிக்குத் தனியாக ஒரு கும்பிடு. நாட்டு வைத்தியத்துக்கு நான் எதிரி இல்லை. ஆனால் உதறுவது வைத்தியத்தில் சேராது.

டாக்டர் இன்னொன்றும் கேட்டார்: "கோழி மேயற இடத்துல மண்ணு இருக்கா?" கோழிக்குப் பல் கிடையாது. விழுங்கிய சிறுகல்தான் அரைவைப்பையில் தீனியை அரைக்கிறது. நம் வீடுகளில் முற்றமெல்லாம் கல் பாவியது, கொல்லையிலும் பாதிக்குச் சிமெண்ட். அடைத்து வளர்க்கிற கோழி கல்லுக்கு எங்கே போகும்? கிளிஞ்சல் தூள் போடுகிறோமே என்றேன். அது முட்டை ஓட்டுக்கு, வயிற்றில் கரைந்துவிடும், அரைக்காது என்றார். முட்டை வெள்ளைக்கருவைச் சுண்ணாம்பில் குழைத்துச் சுவரைக் கண்ணாடிபோல் பளபளக்க வைத்த செட்டிநாடு இது. அந்த முட்டையைப் போட்ட இனத்துக்கு ஒரு தட்டுக் குறுமணல் வைத்தால் குறைந்தா போய்விடுவோம்? வாங்கி வைத்துவிட்டேன். கீரையும் அறுகம்புல்லும் இனி விரற்கடை அளவுக்கு நறுக்கித்தான் போடுவேன். சாக்கு நூல், பூக்கட்டும் நார், பிளாஸ்டிக் கயிறு எதுவும் என் கொல்லையில் கிடக்காது. விடிகாலைத் தொட்டுப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. நான் கூட்டுப் பக்கம் போனாலே கழுத்தை நீட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த அக்காவைத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். காரைக்குடிப் பக்கம் எந்தக் கிராமமாக இருந்தாலும் நானே வருகிறேன். குட்டிக்குக் கால் ஆறியதா என்று கேட்க வேண்டும். செவலை அடுத்து அடைக்கு உட்காரும்போது பொரிக்கிற குஞ்சுகளில் ஒரு ஜோடி அவருக்கு என்று எடுத்து வைத்தாயிற்று.