‘ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்’ என்று அனுப்பிவிடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாப்பாவுக்கு அருகிலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தின் பட்டறையில் லாரிகளையும் டிராக்டர்களையும் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவன் நான். சென்ற மாதம் என் மகள் தன் மைவி காரைச் சர்வீசுக்கு விட்டு, முன் பிரேக் பேட்களையும் பிரேக் எண்ணெயையும் மாற்றிக்கொண்டு மாலையில் வீடு திரும்பினாள். பட்டறையை விட்டுக் கிளம்பியதிலிருந்தே பிரேக் மிதி பஞ்சுபோல் இருந்ததாம். தோட்ட முச்சந்தியில் குலை ஏற்றிய லாரி ஒன்று எதிர்ப்பட்டபோது அவள் அழுத்திய மிதி தரையைத் தொட்டுவிட்டது. மீண்டும் மிதித்தும் கைப்பிரேக்கை இழுத்தும் சாலையோரக் கால்வாயின் விளிம்பில் வண்டியை நிறுத்தியிருக்கிறாள். கைப்பேசியில் அழைத்துக் கேட்டதற்கு ஃபோர்மன், “புது பேட்தானே, ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்” என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

அந்தப் பதிலைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது ஒரே ஒரு குறைக்கு மட்டும் பொருந்தும். புது பேட்டின் முகம், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டோடு முழுதும் படியும் வரை பிடிப்பு சற்றுக் குறைவாகத் தெரியும்; மிதமான வேகத்தில் பல முறை பிரேக் பிடித்து ஓட்டினால் அது சரியாகும். ஆனால் அப்போதும் மிதி உறுதியாகவே இருக்கும். மிதியே தாழ்ந்து போகிற வண்டியை எத்தனை மைல் ஓட்டினாலும் சரியாகாது.

பேட் மாற்றும்போது, பேட்டை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பிஸ்டனை அதன் கூடான கேலிப்பருக்குள் பின்னுக்குத் தள்ளுவார்கள். வண்டியை எடுப்பதற்கு முன் நின்ற இடத்திலேயே பல முறை மிதித்து அதைப் பேட்டோடு சேர்க்காவிட்டால் முதல் மிதி வெறுமையாகப் போகும். சேர்ந்த பின் அந்தக் குறை திரும்பாது. ஒவ்வொரு முறையும் முதல் மிதி தாழ்ந்து, அடுத்தடுத்து மிதித்தால் மேலே வருமானால், பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்று தங்கியிருக்கலாம், அல்லது பின்சக்கர டிரம்மின் உள்பக்கம் உரசிப் பிடிக்கும் பிரேக் ஷூ சரியான இடைவெளியில் வைக்கப்படாமல் இருக்கலாம். மிதி பஞ்சுபோல் இருந்தால் முதலில் காற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். மறுநாள் காலை என் மகள் காரின் பின் இடது சக்கரத்தில் காற்றை வெளியேற்றும் திருகைத் தளர்த்தியபோது எண்ணெயோடு குமிழிகளும் வந்தன.

இதைவிட ஏமாற்றும் கோளாறு ஒன்று உண்டு. மிதி உறுதியாகத் தொடங்கி, சமிக்ஞை விளக்கில் கால் வைத்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கும். வெளியே ஒரு சொட்டு எண்ணெயும் ஒழுகாது. பெரும்பாலும், மிதித்ததும் எண்ணெயைக் குழாய்க்குள் தள்ளும் மாஸ்டர் பம்ப்பின் உள் ரப்பர் கெட்டிருக்கும். பழைய வண்டியில் குழாயிலிருந்து காற்று எடுப்பவர் மிதியைத் தரைவரை அழுத்தினால், பல ஆண்டுகளாக அந்த ரப்பர் எட்டாத, அழுக்கும் துருவும் படிந்த இடத்தில் உரசி அது சேதமாகிவிடும். சர்வீசுக்கு முன் இல்லாத குறை சர்வீசுக்குப் பின் இப்படியும் வருகிறது. எங்கள் தோட்டப் பட்டறையில் மிதிக்கடியில் ஒரு கட்டையை வைத்த பிறகே காற்று எடுப்போம்.

எங்கள் வட்டாரத்தில் பிரேக் எண்ணெய்க்குத் தனி முக்கியத்துவம் உண்டு. கேமரன் மலையின் தானா ராத்தாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு இறங்கும் 59ஆம் எண் சாலையில் வளைவுக்கு வளைவு பிரேக்கில் கால் வைக்க வேண்டியிருக்கிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 என்ற தரத்துப் புதிய பிரேக் எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி; ஈரம் ஏறிய எண்ணெய்க்கு அந்த அளவு 140 பாகைதான். எண்ணெய் கொதித்து ஆவியானால் இறக்கத்தில் மிதி தரையோடு போய்விடும். மூடி திறந்து பல மாதம் அலமாரியில் கிடந்த டப்பாவிலிருந்து ஊற்றிவிட்டு ‘எண்ணெய் மாற்றியாயிற்று’ என்று பில் போடுவதை நான் தவறு என்றே சொல்வேன்.

எங்களைப் போன்ற சிற்றூர்களில் பட்டறைக்காரர் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார். அண்ணன், தம்பி என்று பழகியவரிடம் வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய்க் காட்டப் பலருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கு, தயக்கமாக இருக்கிறது. தயங்க வேண்டாம். சாவியை வாங்கியதும் என்ஜினை ஓடவிட்டு, வண்டி நகரும் முன்னரே மிதியை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். தாழ்ந்தாலோ இறங்கினாலோ வண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள். பில்லையும் கழற்றிய பழைய பேட்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பட்டறை சரிசெய்ய மறுத்தால் 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. உடற்காயத்துக்கும் உயிரிழப்புக்குமான கோரிக்கைகள் அதன் வரம்புக்குள் வருவதில்லை.

பட்டறை உரிமையாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பிரேக்கில் கை வைத்த எந்த வண்டியையும், நீங்களே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து நிறுத்திய பிறகு சாவியைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பட்டறை ஊழியர்,
தாப்பா, பேராக்.