தமிழ் வானொலியில் அறிவியலுக்கு வாரம் 5 நிமிடம் கோரும் மனு

அனுப்புநர்:
தமிழில் அறிவியல் நிகழ்ச்சி எழுதுவோரும் ஆசிரியர்களும்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.

பெறுநர்:
மாண்புமிகு தொடர்புத் துறை அமைச்சர் அவர்கள்,
புத்ராஜெயா.

பொருள்: மின்னல் எஃப்எம் வானொலியில் வாராந்திர அறிவியல் அங்கம்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு வணக்கம்.

டிங்கி, புகைமூட்டம், வெள்ளம் பற்றிய அறிவிப்புகளை மலாயிலிருந்து அவசரமாகத் தமிழாக்கி வாசிக்கும்போது, என்ன செய்ய வேண்டும் என்பது வந்துவிடுகிறது. ஏன் என்பது நழுவிவிடுகிறது.

"தேங்கிய நீரைக் கொட்டுங்கள்" என்ற வரியையே எடுத்துக்கொள்ளலாம். கேட்டவர் பூச்சாடித் தட்டிலுள்ள நீரைக் கொட்டிவிட்டுத் தட்டை அதே இடத்தில் வைத்துவிடுவார். ஏடிஸ் கொசு முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்பக்கச் சுவரில். ஒட்டிக்கொண்ட முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அடுத்த மழையில் தட்டு நிறைந்ததும் பொரிக்கும். ஆகவே "கொட்டுங்கள்" போதாது, "தேய்த்துக் கழுவுங்கள்" என்று சொல்ல வேண்டும். முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒரு முறை கழுவச் சொல்கிறோம். புகையடித்தால் பறக்கும் கொசுதான் சாகும், நீரில் நெளியும் புழு பிழைத்துக்கொள்ளும். இவ்வளவையும் சொல்ல 2 நிமிடம் போதும். 20 வினாடி அறிவிப்பில் அது அடங்காது.

காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 150 என்றால் அதை விழுக்காடு என்று நினைப்பவர்கள் உண்டு. 101 முதல் 200 வரை ஆரோக்கியமற்ற நிலை என்று சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். புகைமூட்டத்தின் நுண்துகள் அளவை "2.5 மைக்ரோமீட்டர்" என்பதைவிட, "தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய 30-இல் ஒரு பங்கு" என்றால், துணி முகக்கவசம் ஏன் பெரிதாக உதவாது என்பது உடனே விளங்கும்.

நாங்கள் கேட்பது வாரம் 5 நிமிடம். முகப்பிசைக்கும் முடிவிசைக்கும் 30 வினாடி போக, மீதி நாலரை நிமிடம். தமிழ்ச் சொல் வேற்றுமை உருபையும் சுமந்துகொண்டு நீளும்; நிமிடத்துக்கு 100 சொல்லைத் தாண்டினால் வாசிப்பவருக்கு மூச்சு முட்டும். ஆக, பிரதி 450 சொல்லுக்குள். அதில் ஒரே கருத்து, மிஞ்சிப்போனால் 2 எண்கள். காரோட்டிக்கொண்டு கேட்பவர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாதல்லவா?

பிரதி முதலிலிருந்தே தமிழில் எழுதப்பட வேண்டும். துறை அறிந்தவர் சரிபார்த்தபின், துறை அறியாத ஒருவருக்கு உரக்க வாசித்துக்காட்டி, அவரைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். அவர் தடுமாறும் இடம்தான் திருத்த வேண்டிய இடம். நிபுணர்களுக்கு இது அவ்வளவாகப் பிடிக்காது, ஆனாலும் விடக்கூடாது. கலைச்சொற்கள் தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடநூலில் உள்ளவையாகவே இருக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கும். வெள்ளம், எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் பற்றிய பதிவுகள் அக்டோபரிலேயே தயாராக இருக்க வேண்டும். தண்ணீர் வீட்டுக்குள் வந்தபின் நிபுணரைத் தேடினால், தொலைபேசியில் கரகரக்கும் குரல்தான் கிடைக்கும்.

முதற்கட்டமாக 13 வாரங்களுக்கு அனுமதி தருமாறு வேண்டுகிறோம். காலையில் மக்கள் வேலைக்குச் செல்லும் நேரத்தில் ஒலிபரப்பி, மாலையில் மறுஒலிபரப்புச் செய்து, பதிவுகளை அரசு ஒலிபரப்பு நிறுவனத்தின் ஆர்டிஎம் கிளிக் இணையத்தளத்தில் வைக்கலாம். எழுதுபவருக்கும் சரிபார்ப்பவருக்கும் சன்மானம் ஒதுக்கவும் வேண்டுகிறோம். இலவசமாக எழுதப்படும் தொடர் நாலாம் வாரத்திலேயே நொண்டத் தொடங்கும்.

டிங்கி, புகைமூட்டம், இடிமின்னல் பற்றிய 3 மாதிரிப் பிரதிகளை இம்மனுவுடன் இணைத்துள்ளோம்.

நன்றி.

இப்படிக்கு,
மனுதாரர்கள்